மலை ஈரத்துக்கு ஸ்விஃப்ட்டில் சவுண்ட் சிஸ்டம்: எதை முதலில் மாற்றுவது?

பூம்பாறைப்பூண்டு:

வணக்கம். வண்டி 2019 ஸ்விஃப்ட் பெட்ரோல், விஎக்ஸ்ஐ. ஓட்டம் பெரும்பாலும் மலையிலதான்: பூம்பாறை, கொடைக்கானல், அப்பப்ப வத்தலக்குண்டு இறக்கம். ஸ்டீரியோவும் ஸ்பீக்கரும் கம்பெனியோடது. வால்யூமைப் பாதிக்கு மேல ஏத்தினா கதவு அதிருது, பாடறவங்க குரல் கிழியுது, பேஸ்னு ஒண்ணு இல்லவே இல்ல.

கடையில சொன்னது: 9 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, முன்னாடி "450 வாட்" காம்பொனென்ட் (பெரிய ஸ்பீக்கரும் சின்ன ட்வீட்டரும் தனித்தனியா வர்ற செட்), பின்னாடி ஓவல் ஸ்பீக்கர், டிக்கியில 12 இன்ச் பேஸ் ட்யூப் (உருளைப் பெட்டியில வர்ற பேஸ் ஸ்பீக்கர்). என் கணக்கு 40,000 ரூபாய்தான். டிக்கியில மூட்டை ஏத்தற வண்டி, அதனால முழுசா அடைச்சுக்கவும் கூடாது. இங்க மழையும் பனிமூட்டமும் எப்படின்னு தெரியும்ல, அதுக்கும் தாங்கணும். எதை மாத்தலாம், எதை விடலாம்?

வயர்மேன்:

அந்தப் பட்டியல்ல முதல் பொருளையே அடிச்சிடுங்க. ஸ்டீரியோ அப்படியே இருக்கட்டும்.

வாட் கணக்கைப் பார்த்தா ஏன்னு புரியும். ஸ்டீரியோக்குள்ள இருக்கற ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர், சத்தத்தைப் பெருக்கறது) சிப், பேட்டரி வோல்டேஜை வெச்சுத்தான் வேலை செய்யுது. 14.4 வோல்ட்ல 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கிழியாத சத்தமா 26 வாட்டுக்கு மேல போகவே வழியில்ல. சிப்போட இழப்பு போனா கையில நிக்கறது 15-லருந்து 18 வாட். அட்டையில "4x50" போட்டிருந்தாலும் இதே கணக்குதான், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவுக்கும் இதேதான். 9 இன்ச் போட்டா திரை பெருசாகும், குரல் கிழியறது நிக்காது.

ஸ்பீக்கர்ல "450 வாட்"டை மறந்துட்டு ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கற உண்மையான வாட்) எவ்வளவுன்னு பாருங்க. 50-லருந்து 75 இருந்தா தாராளம். அதைவிட சென்சிட்டிவிட்டியை (ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தருதுங்கறது) பாருங்க. 88 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலா 91 டெசிபல் எடுத்தா, ஆம்ப் பவரை இரட்டிப்பாக்கின மாதிரி. கோன் பாலிப்ரொப்பிலீன், சுத்து விளிம்பு ரப்பர். ஃபோம் விளிம்பு இருக்கறது எவ்வளவு மலிவா கிடைச்சாலும் வேண்டாம், இந்த ஈரத்துல பொடிஞ்சு போகும்.

ஆம்ப்: 4 சேனல், கிளாஸ் டி, 4 ஓம்ல சேனலுக்கு 50 வாட் ஆர்எம்எஸ், ஹை லெவல் இன்புட் (ஸ்டீரியோவோட ஸ்பீக்கர் வயர்ல வர்றதையே நேரா வாங்கிக்கறது) இருக்கறது. 1, 2 முன் கதவுக்கு. 3, 4-ஐ பிரிட்ஜ் பண்ணி (ரெண்டு சேனலையும் ஒண்ணாச் சேர்த்து) ஒரு சப்வூஃபருக்கு (பேஸுக்கு மட்டுமான ஸ்பீக்கர், சுருக்கமா சப்). பிரிட்ஜ்ல 4 ஓம் சப் மட்டும்தான். 2 ஓம் போட்டா ஆம்ப் ப்ரொடெக்‌ஷனுக்குப் போயிடும். பின் ஸ்பீக்கரைத் தொடாதீங்க, ஸ்டீரியோவுலயே மெதுவா ஓடட்டும்.

"4000 வாட்"னு ஆம்ப் காட்டினா, அதுல சொருகியிருக்கற ஃபியூஸைப் படிங்க. 30 ஆம்பியர் ஃபியூஸ்னா 30 × 13.8 × 0.8, கிட்டத்தட்ட 330 வாட். அந்த டப்பாவோட உண்மை அவ்வளவுதான்.

வயரிங்ல கஞ்சத்தனம் வேண்டாம். 200 வாட் முழுசா எடுத்தாலும் 19 ஆம்பியருக்குள்ள அடங்கும், அதனால 8 கேஜ் (சுமார் 8 சதுர மி.மீ.) சுத்தச் செம்பு போதும். 40 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து 45 செ.மீ.க்குள்ள. இந்த ஃபியூஸ் ஆம்புக்காக இல்ல. வயர் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கற தகடு) ஓட்டை விளிம்புல அறுந்து பாடியில பட்டா வண்டி தீப்பிடிக்காம இருக்க. அந்த ஓட்டையில ரப்பர் க்ரோமெட் (வளையம்) கட்டாயம். எர்த் வயரும் அதே தடிமன், அரை மீட்டருக்குள்ள, பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரியற இடத்துல போல்ட் பண்ணி, மேல கிரீஸ் தடவுங்க. சுரண்டின இடத்தை அப்படியே விட்டா ஒரு மழைக்காலத்துல துரு ஏறும், அப்புறம் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல "ஊஊ"ன்னு இரைச்சல் ஏறும். அதுக்கு நாய்ஸ் ஃபில்டர் விக்க வருவாங்க, வாங்காதீங்க. எர்த்தைக் கழட்டிச் சுத்தம் பண்ணுங்க.

ஆம்ப் வயரிங் கிட்ல வர்ற வயர் பெரும்பாலும் செம்பு பூசின அலுமினியம். ஒரு இழையை பிளேடால சுரண்டினா உள்ள வெள்ளையாத் தெரியும். அதோட நுனி ஈரக்காத்துல வெளுத்துப் பொடியாகும், இணைப்பு சூடாகும்.

கடைசியா ஆம்ப்ல இருக்கற கெயின் திருகு (உள்ள வர்ற சிக்னலுக்கு ஆம்பை ஒத்துப்போக வைக்கறது). அது வால்யூம் திருகு கிடையாது, அதை முழுசாத் திருப்பி விடறதுலதான் புது ஸ்பீக்கர் எரியுது. ஸ்பீக்கர் வயரைக் கழட்டிட்டு, ஃபில்டர், பேஸ் பூஸ்ட் எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, 100 ஹெர்ட்ஸ் டோனை ஓட விடுங்க. ஸ்டீரியோ வால்யூம் முக்கால்வாசி. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வெச்சு ஆம்ப் அவுட்புட்ல பிடிங்க. 50 வாட்டை 4 ஓமால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 14.1. மீட்டர் 14.1 காட்டற இடத்துல திருகை நிறுத்திடுங்க. அப்புறம் முன் கதவுக்கு ஹை பாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதுக்குக் கீழ வர்றதை வெட்டும்), சப்புக்கு லோ பாஸ் 80 (அதுக்கு மேல வர்றதை வெட்டும்).

பெருமாள்மலை:

வயர்மேன் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா அவர் கதவை விட்டுட்டார். கதவை அப்படியே வெச்சுக்கிட்டு ஆம்ப் போட்டா அதிர்வு இன்னும் ஜாஸ்தியாத்தான் ஆகும்.

கதவுதான் ஸ்பீக்கருக்குப் பெட்டி. கோன் முன்னாடி தள்ளற காத்தும் பின்னாடி தள்ளற காத்தும் உள் தகட்டுல இருக்கற பெரிய ஓட்டை வழியா கலந்து ஒண்ணையொண்ணு அடிச்சிடும். உங்களுக்கு பேஸ் காணாமப் போனதுக்குப் பாதிக் காரணம் இதுதான். வெளித்தகடு மெலிசு, அது தனியா ஆடறது இன்னொரு பாதி.

2 மி.மீ. பியூட்டைல் ஷீட் (ஒரு பக்கம் அலுமினியம் ஒட்டின ரப்பர் பசை ஷீட்) வாங்குங்க, முன் கதவு ரெண்டுக்கும் சேர்த்து 20 சதுர அடி. வெளித்தகட்டுல முழுசா ஒட்டணும்னு அவசியமில்ல, நடுப்பகுதியில பாதி மூடினாலே தகடு அடங்கும். விரலால தட்டிப் பாருங்க: "டங்"னு கேட்டது "டப்"னு மாறணும். மலிவா வர்ற தார் ஷீட் வேண்டாம். மேல குளிர்ல சரியா ஒட்டாது, வண்டியைக் கீழ வெயில்ல நிறுத்தினா இளகி வழியும், நாத்தமும் வரும்.

இங்க முக்கால்வாசிப் பேர் தப்பு பண்றது ஒட்டற நேரத்துல. காலையில தகடு ஐஸ் மாதிரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாம மேல ஈரமும் படிஞ்சிருக்கும். அதுமேல ஒட்டினா ரெண்டு மாசத்துல உரிஞ்சு கண்ணாடி மெஷின்ல சிக்கும். மதியம் வேலையை ஆரம்பிங்க. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வெச்சுத் துடைச்சு, ஹீட் கன் இல்லாட்டி ஹேர் டிரையரால தகட்டையும் ஷீட்டையும் கைக்கு இளஞ்சூடா வர்ற வரைக்கும் காட்டி ஒட்டுங்க. ரோலரால அந்த அலுமினியப் புள்ளி டிசைன் தட்டையாகற வரை அழுத்துங்க.

அடுத்தது தண்ணி. கண்ணாடி ஓரமா மழைத்தண்ணி கதவுக்குள்ள இறங்கறது இயல்புதான், அடியில இருக்கற வடிகால் ஓட்டை வழியா வெளிய போகணும். அந்த ஓட்டை மேல ஷீட்டை ஒட்டிட்டா கதவு தொட்டியாயிடும், ஒரே மழைக்காலத்துல அடிமடிப்பு துருப்பிடிக்கும். உள் பக்கம் ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு ட்ரிம்மை (கதவோட உள் மூடி) மாட்டறதும் வழக்கமா நடக்குது. அதுக்கப்புறம் கால்மிதிக்கு அடியில ஈரம், கண்ணாடியில உள்பக்கம் புகை. பேப்பரை எடுத்தீங்கன்னா அந்த இடத்துல 3 மி.மீ. ஏசிபி ஷீட்டை (ரெண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவுல பிளாஸ்டிக் வெச்ச பலகை) வெட்டி, ஓரத்துல பியூட்டைல் கயிறு வெச்சு ஸ்க்ரூ போடுங்க. பின்னால கண்ணாடி மோட்டாருக்குக் கை போகணும்னா கழட்டிக்கலாம்.

ஸ்பீக்கருக்கு அடியில வர்ற ஸ்பேசர் வளையம் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கா இருக்கட்டும். எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை) வளையம் ஈரம் குடிச்சு உப்பும், ஸ்க்ரூ பிடி விடும். வளையத்தைப் பொருத்தினதும் கண்ணாடியை முழுசா இறக்கிப் பாருங்க, காந்தத்துல இடிக்கக் கூடாது. ஸ்பீக்கர் முதுகுக்கு மேல் பாதியில மட்டும் ரப்பர் ஷீட்ல ஒரு குடை கொடுங்க. முழுக்க மூடற ஃபோம் கிண்ணம் போட்டா பேஸ் செத்துடும். ட்வீட்டரோட க்ராஸ்ஓவர் டப்பாவை (கீச்சு சத்தத்தை ட்வீட்டருக்கும் மத்ததைப் பெரிய ஸ்பீக்கருக்கும் பிரிக்கறது) கதவுக்குள்ள வைக்காதீங்க. டேஷ்போர்டுக்கு அடியில வெச்சு, கதவுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற ரப்பர் குழாய் வழியா வயரை எடுங்க.

ட்ரிம்மை மாட்டறதுக்கு முன்னாடி அரை லிட்டர் தண்ணியைக் கண்ணாடி ஓரமா ஊத்துங்க. அடியில வடியணும், உள் தகட்டுல ஒரு சொட்டு வரக் கூடாது.

ஒரு விஷயம்: இது ரோட்டுச் சத்தத்தைக் குறைக்கும்னு நினைச்சு வாங்காதீங்க. பியூட்டைல் தகட்டோட ஆட்டத்தைத்தான் நிறுத்தும். டயர் இரைச்சலுக்கு அது மருந்து இல்ல.

கீழ்ப்பழனி:

சப் பத்தி ஒண்ணு. 12 இன்ச் ட்யூப் தேவையே இல்ல. 10 இன்ச் சப்புக்கு மூடின பெட்டி, உள் அளவு 20 லிட்டர் போதும். 18 மி.மீ. ப்ளைவுட்ல செஞ்சா வெளி அளவு 32 × 32 × 30 செ.மீ. தான் வரும். உங்க டிக்கி 268 லிட்டர், பெட்டி அடைக்கறது 30 லிட்டர். மூட்டைக்கு இடம் இருக்கு, ஆனா மூட்டை முனை கோனைக் குத்தாம இருக்க இரும்பு கிரில் போடுங்க. மரைன் ப்ளை, உள்ளயும் வெளியயும் பெயிண்ட். பெட்டியை எல் கிளாம்ப் வெச்சுக் கட்டலைன்னா கொண்டை ஊசி வளைவுல அது டிக்கிக்குள்ள ஓடி விளையாடும். துளை போடறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில குனிஞ்சு என்ன போகுதுன்னு பாருங்க.

ஆம்பை முன் சீட்டுக்கு அடியில வைக்கறதா இருந்தா தரையோட ஒட்டி வைக்காதீங்க. ஈரச் செருப்போட ஏறி இறங்கற வண்டி. 2 செ.மீ. உசரத்துக்கு பிளாஸ்டிக் கால் கொடுங்க.

பேட்டரியையும் யோசிங்க. பனிமூட்டத்துல ஹெட்லைட், வைப்பர், ப்ளோயர் எல்லாம் ஒண்ணா ஓடும், அதுவே நிறைய கரண்ட் இழுக்கும். இறக்கத்துல ரெண்டாவது கியர்ல வரும்போது இன்ஜின் சுத்தறதால ஆல்டர்னேட்டர் சமாளிச்சிடும். சீசன்ல வெள்ளி அருவி கிட்ட ஊர்ந்து போகும்போது ஐடில்ல அது தர்றது குறைவு. எல்லாத்தையும் போட்டுட்டு ஆம்ப் முனையில வோல்ட் பாருங்க, 12.8-க்குக் கீழ போனா பாட்டைக் குறைச்சுக்கணும். எப்படியும் வளைவுல எதிர் வண்டி ஹாரன் கேக்கற அளவுக்குத்தான் வால்யூம் இருக்கணும்.

பூம்பாறைப்பூண்டு:

ரொம்ப நன்றிங்க. ரெண்டு சந்தேகம். ஹை லெவல் இன்புட்னா ஸ்டீரியோ வயரை வெட்டணுமா? வாரண்டி போச்சுன்னு பயமுறுத்தறாங்க. அப்புறம் கொடை பண்பலை (100.5 எஃப்எம்) சில வளைவுல கரகரங்குது, ஆம்ப் போட்டா அது சரியாகுமா?

வயர்மேன்:

வெட்ட வேண்டாம். மாருதி ஸ்டீரியோ கப்ளருக்கு (பின்னாடி சொருகியிருக்கற பிளக்) ஆண், பெண் ரெண்டும் வெச்ச டி ஹார்னஸ் (கிளை பிரியற வயர் செட்) கிடைக்கும், நடுவுல சொருகினா போதும். முன் ஸ்பீக்கர் வயர் நாலும் அதுல இருந்து ஆம்புக்குப் போகும். ஸ்டீரியோ ஆன் ஆனதும் அந்த வயர்ல 6 வோல்ட் அளவுக்கு டிசி நிக்கும், அதைப் பார்த்துத் தானே ஆன் ஆகற ஆம்பா எடுத்தா ரிமோட் வயர்கூட (ஆம்பை ஆன் பண்ற தனி வயர்) வேண்டாம். ப்ளஸ், மைனஸ் மாறாமப் பாருங்க. ஒரு கதவு மட்டும் மாறினா ரெண்டு பக்கமும் சேர்ந்து பேஸை அழிச்சிடும். 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஸ்பீக்கர் வயர்ல ஒரு நொடி தொட்டா கோன் வெளிய வரணும், அதுதான் ப்ளஸ்.

எஃப்எம்முக்கும் ஆம்புக்கும் சம்பந்தமில்ல. எஃப்எம் அலை நேர்க்கோட்டுல வர்றது, நடுவுல மலைமுகடு வந்தா மங்கும். ஆனா கரகரப்பு எல்லா இடத்துலயும் இருந்தா, சிகரெட் லைட்டர்ல இருக்கற மலிவு யூஎஸ்பி சார்ஜரைப் பிடுங்கிட்டுக் கேளுங்க, பல வண்டியில அதுதான் வில்லன். பின்னால எப்பவாவது வேற ஸ்டீரியோ போட்டா, ஆன்டெனா பூஸ்டருக்கு 12 வோல்ட் தர்ற நீல வயரை மாட்டினாங்களான்னு பாருங்க. அது விட்டுப்போனா 100.5 ஊருக்குள்ளயே மங்கிடும்.

பெருமாள்மலை:

கூரை ஆன்டெனாவைக் குரங்கு முறிக்கற ஊர் நம்மளது. சுற்றுலா இடத்துல நிறுத்தும்போது தண்டைக் கையால திருகிக் கழட்டி உள்ள போட்டுக்கலாம். அதுக்குப் பயந்து சுறா துடுப்பு மாடல் மாத்தினா எஃப்எம் இன்னும் குறையும்.

பணத்தைத் தோராயமா இப்படிப் பிரிங்க: பியூட்டைலும் ஏசிபியும் 5,000, காம்பொனென்ட் 8,000, ஆம்ப் 11,000, வயர், ஃபியூஸ், ஹார்னஸ் 3,500, சப்பும் பெட்டியும் 8,500, கூலி 4,000. ஒரே தடவையில முடியலைன்னா கதவும் காம்பொனென்ட்டும் முதல்ல, சப் கடைசியில. பொருளை மதுரையிலயோ திண்டுக்கல்லயோ வாங்கினாலும், கதவு வேலையைப் பக்கத்துல நின்னு பாருங்க. பில்லை வெச்சுக்கிட்டு இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது எலக்ட்ரிகல் ஆக்சஸரீஸ்ல காட்டுங்க, ஐஎம்டி 24-னு (அந்த ஆக்சஸரீஸுக்கான பாலிசி இணைப்பு) கேட்டா போட்டுத் தருவாங்க. இல்லாட்டி திருட்டுப் போனா ஆம்புக்குக் காசு வராது.