பத்தாம் வகுப்புத் தேர்ச்சி: மாவட்டங்களை எதை வைத்து ஒப்பிடுவது?

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் என் மகள் படிக்கிறாள், நான் அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இருக்கிறேன். பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாள் எங்களுக்குப் பெரிய வேதனை. 2024இல் மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம், எங்கள் மாவட்டம் 82.07, கடைசி இடம். 2025இல் மாநிலம் 93.80, நாங்கள் 85.44, மறுபடியும் கடைசி. டிவியில் பட்டியல் ஓடியதும் டீக்கடையில் பேச ஆரம்பித்துவிடுவார்கள், அரசுப் பள்ளி வாத்தியார்கள் சரியில்லை என்று ஒருவர், நம்ம பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்று இன்னொருவர். அந்த இரண்டாவது பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இங்கே பீடி சுற்றும் வீடுகள் ஏராளம். குடியாத்தம் பக்கம் தீப்பெட்டியும் லுங்கி நெசவும், அணைக்கட்டுக்கு மேலே ஏறினால் ஜவ்வாது மலைக் கிராமங்கள். இந்தப் பிள்ளைகளை யாரோடு ஒப்பிடுவது நியாயம்? தேர்ச்சி விகிதத்தையும் மாணவர்களின் வீட்டு நிலைமை, பெற்றோர் படிப்பு, சமூகப் பிரிவு இதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்க வழி உண்டா? அடுத்த குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் பேச வேண்டும், அதற்காகக் கேட்கிறேன்.

அரியலூரான்:

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பின்னணியைக் காரணமாகச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு, ஏனென்றால் எங்கள் மாவட்டத்தைப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அரியலூரின் எழுத்தறிவு சுமார் 71 சதவீதம், மாநிலச் சராசரி 80, வேலூரே 79. அதாவது எழுத்தறிவில் தருமபுரியை ஒட்டிக் கீழே கிடந்த மாவட்டம் எங்களுடையது. சிமெண்ட் ஆலை தவிரப் பெரிய தொழில் கிடையாது, முக்கால்வாசிக்கு மேல் கிராமம், முந்திரியும் மானாவாரியும்தான் பிழைப்பு. அதே அரியலூர் 2024 பத்தாம் வகுப்பில் 97.31 சதவீதத்தோடு முதலிடம், 2025 பிளஸ் டூவில் 98.82 சதவீதத்தோடு முதலிடம். பெற்றோர் படிக்காதவர்கள் என்றால் பிள்ளை தேறாது என்பது விதியாக இருந்தால் இது நடந்திருக்கவே கூடாது.

கணக்கு டீச்சர்:

அரியலூரான் சார் சொல்வது எனக்கும் பெருமைதான், அந்த ஆசிரியர்கள் மாலை வகுப்பு, விடுமுறை வகுப்பு என்று உழைப்பது நிஜம். ஆனால் தேர்ச்சிச் சதவீதத்தை மட்டும் வைத்து இரண்டு மாவட்டத்தைத் தராசில் போடாதீர்கள். நான் அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக் கணக்கு எடுத்துத்தான் ஓய்வு பெற்றேன், அதனால் சில விஷயங்கள்.

முதலில் மாவட்டத் தேர்ச்சி என்பது ஒரே மாதிரிப் பள்ளிகளின் கணக்கு இல்லை. அரசுப் பள்ளி, நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மலைப்பகுதியில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, மதுரை தேனி திண்டுக்கல்லில் கள்ளர் சீரமைப்புப் பள்ளி, அப்புறம் உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் எல்லாம் சேர்ந்த கூட்டு அது. மெட்ரிக் பள்ளி அதிகமுள்ள மாவட்டம் சும்மாவே மேலே தெரியும். முடிவு வெளியாகும்போது பள்ளி வகைவாரியாகவும் எண்கள் தருகிறார்கள், அரசுப் பள்ளியை அரசுப் பள்ளியோடு மட்டும் வையுங்கள், பட்டியலே மாறிவிடும்.

அடுத்தது, தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான் தேர்ச்சி விகிதம். எழுத வராதவர்கள் கணக்கிலேயே கிடையாது. 2023 பிளஸ் டூ மொழித்தாளுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்று செய்தி வந்ததே, அத்தனை பேரும் சதவீதத்துக்கு வெளியே நின்றவர்கள். ஒன்பதாம் வகுப்பில் மெதுவாகப் படிக்கும் பிள்ளையின் கையில் டிசியைக் கொடுத்து அனுப்பும் தனியார் பள்ளிகள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு எங்களிடம்தான் வந்து சேரும். நாங்கள் சேர்த்துக்கொள்வோம், சேர்க்காமல் விட்டால் அது எங்கே போகும்? அப்படி வந்த பிள்ளை தவறினால் அது எங்கள் கணக்கு, அனுப்பிய பள்ளிக்கு வாசலில் நூறு சதவீத பேனர். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

பள்ளியின் அளவையும் பாருங்கள். 12 பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் 8 புள்ளி போய்விடும், 300 பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் கண்ணுக்கே தெரியாது.

எக்செல் முருகு:

டீச்சர் சொன்ன வராதவர்கள் கணக்குக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. 2024இல் பத்தாம் வகுப்பு தேறியவர்கள் எண்ணிக்கையை, அதற்கு முந்தைய ஆண்டு அதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். இடையில் வந்தவர்கள், போனவர்களால் கொஞ்சம் பிசகும், ஆனாலும் தேர்ச்சி விகிதத்தை விட இது உண்மைக்குப் பக்கத்தில் நிற்கும்.

ஒவ்வொரு பள்ளிக்கும் யூடைஸ் (UDISE) என்ற மத்திய அரசின் பள்ளித் தகவல் தொகுப்பில் 11 இலக்க எண் இருக்கிறது, முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்து மாவட்டம், ஒன்றியம், ஊர், கடைசி இரண்டு பள்ளி. அதைப் போட்டால் வகுப்புவாரி ஆண் பெண் எண்ணிக்கை, எத்தனை ஆசிரியர்கள் என்பதெல்லாம் இணையத்திலேயே வரும். ஆனால் 2022-23 முதல் மாணவர் ஒவ்வொருவர் பெயரிலும் விவரம் ஏற்றும் முறைக்கு மாறிவிட்டார்கள், அதனால் அதற்கு முந்தைய ஆண்டோடு நேராக ஒப்பிட்டு மாணவர் குறைந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள். இன்னொன்று, 2019 நவம்பரில் பழைய வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்துவிட்டன, ஆகவே அரியலூரான் சார் தந்த 2011 எண் இன்றைய வேலூருக்கு அப்படியே பொருந்தாது. வாணியம்பாடி, ஆம்பூர் எல்லாம் சேர்ந்த எண் அது.

நூற்றுக்கு 35 எடுத்தாலும் தேர்ச்சி, 95 எடுத்தாலும் தேர்ச்சி என்பதால் படிப்பின் தரம் இதில் தெரியாது. 2024 டிசம்பரில் 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு நடந்த பரக் (PARAKH) என்ற தேசிய அளவிலான கற்றல் மதிப்பீட்டில் மாவட்ட அறிக்கை இருக்கிறது, அதையும் பக்கத்தில் வையுங்கள்.

அரியலூரான்:

சரி, 2011 எண் பற்றி முருகு சொன்னது நியாயம். ஆனாலும் பின்னணி வேண்டும் என்று சொல்லும்போது, இந்தச் சமூகப் பிரிவுப் பிள்ளைகள் அதிகம், அதனால் இவ்வளவுதான் வரும் என்று ஒரு எதிர்பார்ப்பைக் குறைத்து வைத்துவிடக் கூடாது. அது டீக்கடைப் பேச்சுக்கே அத்தாட்சி கொடுத்தது போல ஆகிவிடும்.

கணக்கு டீச்சர்:

அதற்காகத்தான் பின்னணி ஒத்த பள்ளிகளைப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். ஜவ்வாது மலைப் பள்ளியைக் கல்வராயன் மலைப் பள்ளியோடு வையுங்கள், பீடி சுற்றும் ஊர்ப் பள்ளியை அதே தொழில் உள்ள தென்மாவட்டப் பள்ளியோடு வையுங்கள். ஒரே மாதிரி வீட்டுப் பிள்ளைகள், ஒன்றில் தேறுகிறார்கள், ஒன்றில் தவறுகிறார்கள் என்றால் அங்கே கேட்க வேண்டிய கேள்வி தானாகக் கிடைக்கும்: கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, அந்தப் பணியிடம் எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு?

ஆண் பிள்ளைகளைத் தனியாகப் பாருங்கள். 2024 பத்தாம் வகுப்பில் மாநில அளவில் மாணவியர் 94.53, மாணவர் 88.58. கிட்டத்தட்ட 6 புள்ளி. ஒரே வீடு, ஒரே தெரு, ஒரே வகுப்பறை, அப்புறம் எப்படி இந்த வித்தியாசம்? பையன் சம்பாதிக்கத் தொடங்கிவிடுகிறான், வீடும் அதைத் தடுப்பதில்லை. உங்கள் பள்ளியில் தவறியவர்களில் எத்தனை பேர் பையன்கள், அவர்கள் சாயங்காலம் எங்கே போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பாலாற்றங்கரை:

மனமார்ந்த நன்றி. மாவட்டப் பட்டியலைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகப் போவதில்லை. எங்கள் ஒன்றியத்தில் உள்ள அரசுப் பள்ளிகளை மட்டும் எடுத்து, ஒன்பதாம் வகுப்பு எண்ணிக்கை, தேறியவர்கள், காலிப் பணியிடம், ஆண் பெண் என்று எழுதிக்கொள்கிறேன். காலிப் பணியிட விவரம் எங்கே கேட்பது? சமூகப் பிரிவு விவரத்தைத் தலைமையாசிரியரிடம் கேட்கலாமா?

எக்செல் முருகு:

காலிப் பணியிடத்துக்கு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பள்ளிவாரியாக, பாடவாரியாக, எந்தத் தேதியிலிருந்து காலி என்று மூன்றையும் கேளுங்கள். மொத்த எண்ணிக்கை மட்டும் கேட்டால் மொத்த எண்ணிக்கை மட்டும்தான் வரும்.

சமூகப் பிரிவு விவரத்தை ஒன்றிய அளவில் கூட்டிக் கேளுங்கள். பத்துப் பதினைந்து பேர் உள்ள வகுப்பில் பிரிவுவாரித் தேர்ச்சி போட்டால் அது எந்தப் பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும், அந்தத் தாளைக் கூட்டத்தில் சுற்றுக்கு விடவே விடாதீர்கள்.