ஓர் ஐ.ஐ.எம். பேராசிரியரின் நடையும், கோடையில் நாம் செய்யக்கூடிய ஒரு வேலையும்

சங்கத்துச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

சித்திரையில் ஊர் கூடும்போது சங்கம் சார்பில் என்ன செய்யலாம் என்று தலைவர் சித்தப்பா கேட்டிருந்தார். சிங்கப்பூர் அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்கிறார். துபாய்த் தம்பிகள் கண்மாய்க் கரையைச் சீர்படுத்தலாம் என்கிறார்கள். இரண்டும் நல்ல காரியம், நடக்கட்டும். பெரிதாகப் பணம் கேட்காத மூன்றாவது வேலை ஒன்றை நான் முன்வைக்கிறேன். அதற்கு முன், இந்த எண்ணத்தை எனக்குத் தந்தவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் அனில் குப்தா. 1981-இல் மேலாண்மைப் படிப்புக்குப் பேர்போன அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் சேர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அந்தப் படிப்பை முடித்த பிள்ளைகள் பெரிய கம்பெனிகளுக்குப் போவார்கள். அவர்களுக்குப் பாடம் சொன்ன இவரோ பட்டிதொட்டிகளைத் தேடி நடந்தார்.

1980-களின் நடுவில் வங்காளதேசத்தில் வேளாண் ஆராய்ச்சிக்கு உதவப் போயிருந்தார். விவசாயிகள் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருந்த வழிமுறைகளை அங்கே நிறையப் பார்த்தார். ஊர் திரும்பிய பிறகு ஒரு கேள்வி அவரைக் குடைந்திருக்கிறது. சொல்லிக்கொடுத்தவர்கள் விவசாயிகள். அதைக் கட்டுரையாக்கிப் பேரும் சம்பளமும் வாங்கியது இவர். கட்டுரை இருப்பது ஆங்கிலத்தில், சொன்னவரால் அதைப் படிக்க முடியாது. பல இடங்களில் அவர் பெயர்கூட இல்லை. இது நியாயமா?

இந்தக் கேள்வியிலிருந்துதான் ‘ஹனி பீ’, அதாவது தேனீ, என்ற வலையமைப்பு பிறந்தது. தேனீ எடுப்பதால் பூவுக்குக் குறைவில்லை, ஒரு பூவின் மகரந்தம் இன்னொரு பூவுக்கும் போய்ச் சேர்கிறது. அறிவைச் சேகரிப்பவரும் அப்படி இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதனால் சில கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டார். சொன்னவர் பெயரும் ஊரும் இல்லாமல் எதையும் அச்சிடக் கூடாது. எழுதியதை அவர் மொழியிலேயே அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். வருமானம் வந்தால் அவருக்கும் பங்கு வேண்டும். இந்த வலையமைப்பின் இதழ் பல இந்திய மொழிகளில் வந்தது. தமிழில் அது ‘நம்வழி வேளாண்மை’. மதுரையின் சேவா அமைப்பு நடத்தியது. நம் பக்கத்துப் புளிக்குளம் கிடைமாடுகளுக்காகவும் அவற்றை மேய்ப்பவர்களுக்காகவும் பாடுபட்டவர்கள் அவர்கள்தான்.

1993-இல் சிருஷ்டி என்ற அமைப்பு, 2000-இல் மத்திய அரசின் ஆதரவோடு தேசியப் புத்தாக்க நிறுவனம் என்று வேலை பெருகியது. லட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள் சேர்ந்தன. குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி என்பவர், பஞ்சத்தில் உழவுமாடு கிடைக்காத நிலையில், புல்லட் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கலப்பையைப் பூட்டி உழுதார். வாங்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி என்ற குயவர், கரண்டே இல்லாமல் களிமண்ணில் குளிர்பெட்டி செய்தார். மேலே ஊற்றிய தண்ணீர் மண்சுவரில் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. கண்ணூர்ப் பக்கத்துச் செம்பேரி அப்பச்சன் செய்த தென்னை ஏறும் கருவியை நம்மில் பலர் தோப்புகளில் பார்த்திருப்போம். பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர்களைத் தேடிப் போய், காப்புரிமை வாங்கவும் வியாபாரம் பிடிக்கவும் துணை நின்றது இந்தக் கூட்டம்.

இவற்றையெல்லாம்விட என்னைக் கட்டிப்போட்டது அவருடைய ‘ஷோத்யாத்ரா’தான். 1998-இல் குஜராத்தின் கிர் காட்டுப் பக்கம் தொடங்கிய நடைப்பயணம் அது. வருஷத்துக்கு இரண்டு முறை. கோடையில் வெயில் கொளுத்தும் ஊருக்கும், குளிர்காலத்தில் குளிர் வாட்டும் ஊருக்கும் போவார்கள். வசதியான பருவத்தில் போனால் அந்த மக்களின் பாடு தெரியாது அல்லவா? ஒரு வாரம், பத்து நாள் என்று ஊர் ஊராக நடை. விஞ்ஞானி, மாணவர், விவசாயி எல்லாரும் சேர்ந்து நடக்கிறார்கள். புதிதாக எதையாவது செய்தவரை அவர் வீட்டு வாசலுக்கே போய், ஊர் பார்க்கக் கௌரவிக்கிறார்கள். நூறு வயதைத் தொட்டவர்கள் இருந்தால் அவர்களுக்கும் மரியாதை. எந்தச் செடி எதற்கு ஆகும் என்று பிள்ளைகளுக்குப் போட்டி, மறந்துபோன சமையலில் பெண்களுக்குப் போட்டி. ஒரு ஊரில் கேட்டதை அடுத்த ஊரில் சொல்கிறார்கள். 2004-இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகும், ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் நடையை விடவில்லை.

இனி நம் விஷயம். எந்த மடையை எப்போது எவ்வளவு திறக்க வேண்டும் என்று அறிந்த நீர்பாய்ச்சிகள் நம்மூரில் இன்னும் இருக்கிறார்கள். வயலுக்கு எருவாகட்டும் என்று மந்தையை அடைத்துக் கிடை போடுபவர்கள் இருக்கிறார்கள். மாட்டுக்கு வயிறு உப்பினால் எந்தத் தழையைக் கொடுப்பது என்று தெரிந்த அப்பத்தாக்கள் இருக்கிறார்கள். குதிரைவாலியையும் வரகையும் பதம் பார்த்துச் சமைக்கத் தெரிந்தவர்களும் அவர்களே. ஒவ்வொருவராகப் போய்க்கொண்டும் இருக்கிறார்கள். கும்பாபிஷேகத்துக்கு நாம் அள்ளிக் கொடுத்தோம், அதில் எனக்கு மனநிறைவுதான். இவர்களுக்கு ஒரு துண்டு போர்த்தியாவது மரியாதை செய்திருக்கிறோமா?

சித்திரைத் திருவிழா முடிந்ததும் மூன்று நாள் ஒதுக்குவோம். வடக்குத் தெரு தொடங்கி, காலனி, கீழக்குடியிருப்பு, கண்மாய்க்கு அந்தப் பக்கத்து வீடுகள் வரை நடந்தே போவோம். எந்தத் தெருவையும் விடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கேட்பதைத் தமிழில், சொன்னவர் பெயரோடு எழுதி, ஒரு பிரதியை அவர் கையில் கொடுப்போம். வீடியோ எடுப்பதாக இருந்தால் அவர் சம்மதம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். மருந்துத் தழை விஷயங்களை யூடியூபில் போடுவதற்கு முன் தனியாக இன்னொரு முறை கேட்க வேண்டும். அது அவர்கள் சொத்து.

பள்ளியில் செடிப் போட்டி நடத்தத் தலைமை ஆசிரியரிடம் பேசும் பொறுப்பை லண்டன் அக்கா ஏற்றால் நன்றாக இருக்கும், அவருக்கு அங்கே பழக்கம் உண்டு. எழுத ஆறேழு பேர் வேண்டும், வெயிலில் நடக்கச் சம்மதிப்பவர்களாக. வயதானவர்கள் பட்டியலை ஊரிலிருக்கும் மாமா தயாரித்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். வருகிறவர்கள் பங்குனி முடிவதற்குள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். விமான டிக்கெட் போடும்போது மூன்று நாள் தள்ளிப் போடுங்கள்.