போர்க்காலத்தில் கூத்தும் பாட்டும் எதற்கு?

கேள்வி (காங்கேயம்):
எங்கள் ஊர்க் கோயிலில், பொன்னர், சங்கர் என்ற உடன்பிறந்த வீரர்களைப் பற்றிய கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாகக் கேட்டுக்கொண்டிருந்த இரவில் எழுந்த ஐயம் இது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939ஆம் ஆண்டிலேயே, படைவீரர்களுக்கு நாடகமும் பாட்டும் கொண்டுசெல்ல பிரிட்டனில் என்சா என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டே சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் பங்கீடு வந்த நாட்டில், இதற்கென ஆளையும் பணத்தையும் ஒதுக்கியது ஏன்? வீரர்களுக்கு அது மனத்திடத்தைக் கொடுத்ததா, சில மணி நேர மறதியைத்தானா?

பதில் 1 (ஈரோடு):
என்சா நிகழ்ச்சிகளில் தரம் குறைந்தவையும் பல. வீரர்களே அவற்றைக் கேலி செய்ததுண்டு. ஆனால் 1944இல் பாடகி வேரா லின் பர்மாப் போர்முனைக்கே வந்து பாடினார். தங்களை 'மறக்கப்பட்ட படை' என்று சொல்லிக்கொண்ட அந்த வீரர்களுக்கு, பாட்டின் இனிமையைவிட, நம்மைத் தேடி ஒருவர் இத்தனை தூரம் வந்தாரே என்பதுதான் பெரிதாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பதில் 2 (கோபி):
கேட்பவரை மட்டும் பார்க்கிறோம். நிகழ்த்துபவரையும் பார்க்க வேண்டும். ஜெர்மன் படையின் முற்றுகையில் பட்டினி கிடந்த சோவியத் நகரமான லெனின்கிராடில், இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச்சின் ஏழாவது சிம்பொனிக்கு ஒத்திகை தொடங்கியபோது, ஊதுகருவிக் கலைஞர்களுக்கு ஊதவே மூச்சு போதவில்லை. கூடுதல் உணவு கொடுத்து, படையிலிருந்தும் வாத்தியக்காரர்களை வரவழைத்து, 1942 ஆகஸ்ட் 9 அன்று அரங்கேற்றினார்கள். எதிரியின் காதிலும் விழட்டும் என்று ஒலிபெருக்கி வைத்தார்கள். 1993இல் முற்றுகைக்குள் இருந்த பொஸ்னியத் தலைநகர் சரயேவோவில் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் இயக்கிய நாடகம் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடந்தது. இவர்கள் எவரும் போரை மறந்துவிட்டு ஆடவில்லை.

பதில் 3 (வெள்ளகோவில்):
விடை நீங்கள் கேட்ட பாட்டிலேயே இருக்கிறது. பொன்னரும் சங்கரும் மடியும் படுகளத்தில் பாட்டு முடிவதில்லை. வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது, அருள் வந்து களத்தில் விழுந்து கிடப்பவர்களை, அண்ணன்மாரைத் தங்கை அருக்காணி எழுப்பியது போலவே, தீர்த்தம் தெளித்து எழுப்புகிறார்கள். விழுந்தவர்களை ஊரே சுற்றி நின்று பார்க்கிறது. அழுவதற்கும் அங்கே இடமிருக்கிறது. மனத்திடம் என்பதில் இந்த அழுகையையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, உடுக்கை அடிப்பவர். 1971ஆம் ஆண்டுப் போரில் மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மையார் எங்கள் வளவில் இருந்தார். எழவு வீட்டில்கூட வாய்விட்டு அழாதவர், படுகளம் பாடும் இரவில் மட்டும் முன்வரிசையில் வந்து அமர்ந்து அழுவார். அப்போது அப்பிச்சி உடுக்கையின் கயிற்றை இறுக்கியிருந்த விரல்களைத் தளர்த்தி, சத்தத்தைத் தாழ்த்திக்கொள்வார். அந்த அம்மையார் முந்தானையால் முகத்தைத் துடைத்த பிறகே அடுத்த அடியை எடுப்பார்.