பேண்டுக்கு மாணவர்கள் எடுக்கும் மியூசிக் வீடியோ: ஷூட்டுக்கு முன்னால் பார்த்துக்கொள்ள வேண்டியவை

எடிட்டிங் பக்கத்திலிருந்து:

கதை, லொகேஷன் எல்லாம் பிறகு. பாட்டு முடிந்துவிட்டதா என்று முதலில் பேண்டிடம் கேளுங்கள். லேபிள் (இசை வெளியிடும் நிறுவனம்) இல்லாத பேண்டுகள் ஷூட் முடிந்த பிறகும் மிக்ஸில் (குரலும் கருவிகளும் சேரும் ஒலிக்கலவையில்) கைவைத்துக்கொண்டே இருக்கும். குரலை ஏற்றி இறக்கினால் பரவாயில்லை. டெம்போவோ (பாட்டின் வேகமோ) நீளமோ மாறினால் எடுத்த லிப் சிங்க் (பாட்டுக்கு உதடு பொருந்தும் காட்சி) அத்தனையும் வீண். ஃபைனல் வேவ் ஃபைல் கைக்கு வந்த பிறகே தேதி குறியுங்கள்.

அதிலிருந்து செட்டுக்கென்று தனி பிளேபேக் ஃபைல் (ஒலிக்கவிட்டு அதோடு பாடுவதற்கானது) செய்யுங்கள்: ஒரு பீப், தாளம் பிடிக்க நாலு கிளிக், பிறகு பாட்டு. கிளிக் இல்லாவிட்டால் ஒவ்வொரு டேக்கிலும் முதல் பார் (முதல் தாளச் சுற்று) வீணாகும். கேமராவின் மைக்கை அணைக்கவே கூடாது. அதில் பதியும் சத்தத்தை வைத்துத்தான் பாட்டைப் பொருத்த முடியும். ஸ்பீக்கர் பாடகர் அருகில் இருந்து, கேமரா சுமார் 14 மீட்டர் தள்ளி இருந்தால், நொடிக்கு 25 ஃபிரேமில் அந்தச் சத்தம் ஒரு ஃபிரேம் தாமதமாகப் பதியும். டைம்லைனில் (எடிட்டில் காட்சியையும் ஒலியையும் அடுக்கும் வரிசையில்) பாட்டை ஒரு ஃபிரேம் முன்னதாகத் தொடங்கும்படி நகர்த்தினால் உதடு சேரும்.

ஃபோனில் எடுப்பவர்களுக்கு: ஃபிரேம் ரேட் நிலையாக இல்லாத ஃபைல் தொடக்கத்தில் பொருந்தும், மூன்றாவது நிமிடத்தில் வழுக்கும். ஃபிரேம் ரேட்டைப் பூட்டும் ஆப்பில் எடுங்கள்.

கேமரா பக்கத்திலிருந்து:

ஸ்லோ மோஷனில் பாட வேண்டுமென்றால், 25 ஃபிரேம் டைம்லைனுக்கு 50 ஃபிரேமில் எடுத்து, செட்டில் பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஓட விடுங்கள். வேகத்தைப் பாதியாக்கியதும் உதடு சரியாக உட்காரும். பாடகர் அந்த வேகத்துக்கு முதல் நாளே பழக வேண்டும். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தாளத்தட்டு) பாட்டு 240 ஆகிவிடும். டிரம்மரால் அதைத் தொடர முடியாது. ஆகவே அந்த டேக் பாடகருக்கு மட்டும்.

ஃபிளிக்கர் (விளக்கின் மினுக்கல் படத்தில் தெரிவது) பெரிய தொல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் ஷட்டர் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. மலிவான எல்இடியை மங்கவைத்தால் கேமராவின் சின்னத் திரையில் தெரியாத பட்டைகள் எடிட்டில் தெரியும். முழு வெளிச்சத்தில் வைத்து லைட்டைப் பின்னால் தள்ளுங்கள்.

வாசிப்பவர்கள் பக்கத்திலிருந்து:

உதட்டை மட்டும் அசைக்காதீர்கள், வாய்விட்டுப் பாடுங்கள். கழுத்து நரம்பும் மூச்சும் அப்போதுதான் கேமராவில் உண்மையாகத் தெரியும். டிரம்ஸ் அடிக்கும் சத்தத்தில் பிளேபேக் கேட்காமல் போகும். டிரம்மின் தோல்மேல் துண்டு, சிம்பலுக்கு அடியில் டேப் போடுங்கள். ஸ்பீக்கர் டிரம்மரைப் பார்த்து இருக்கட்டும், மற்றவர்கள் அவரைப் பின்தொடர்வார்கள். கிட்டாரில் கேபிள் செருகாமல் எடுத்தால் வாசிக்கத் தெரிந்தவர் கண்ணில் முதலில் அதுதான் படும்.

தயாரிப்புப் பக்கத்திலிருந்து:

3 நிமிடம் 40 வினாடிப் பாட்டுக்கு, திரும்பத் தயாராவதையும் சேர்த்து ஒரு டேக்குக்குப் பத்து நிமிடம் கணக்கிடுங்கள். நால்வர் பேண்டுக்கு வைட் (எல்லோரும் தெரியும் ஷாட்) இரண்டு, ஆளுக்கு இரண்டு, ஆகப் பத்து முழு டேக். லைட் மாற்றும் நேரத்தோடு அரை நாள் போய்விடும். கதைக் காட்சிகளை அதே நாளில் திணித்தால் இரண்டும் கெடும்.

உரிமையை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது, நண்பர்கள் என்றாலும். பாட்டை எழுதியவர்கள், ஒலிப்பதிவு யாருடையது, யார் பதிவேற்றுவது, திரைப்பட விழாவுக்கு அனுப்பலாமா, எத்தனை முறை திருத்தம் கேட்கலாம் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கும். இரண்டு முறை திருத்தம் நியாயமானது. வேறொருவர் பாட்டை கவர் செய்திருந்தால் காட்சியோடு சேர்க்கத் தனி அனுமதி தேவை. இணையத்தில் லீஸுக்கு வாங்கிய பீட் (தயாராகக் கிடைக்கும் பின்னணி இசை) என்றால் லைசென்ஸைப் படித்துப் பாருங்கள். வீடியோவுக்கு வரம்பு போட்டிருப்பது உண்டு.

இன்னொன்று: நொடிக்கு 100 மெகாபிட் பதிவு மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். இரண்டு டிரைவில் பிரதி எடுத்து, கடைசி கிளிப்பை ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.