புதுப்பிப்பு: பென்டிரைவ் ஷார்ட்கட் வைரஸ் ஒழிந்தது

பிரிண்ட் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டன, ஃபார்மட் செய்தாலும் லேப்டாப்பில் செருகியதும் திரும்ப வருகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது தீர்ந்துவிட்டது.

டாஸ்க் மேனேஜரைப் பார்க்கச் சொன்ன நண்பருக்கு நன்றி. அங்கே டபிள்யூஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அது ஸ்கிரிப்ட் கோப்புகளை இயக்கும் விண்டோஸின் சொந்த நிரல்தான். அதை வைத்து ஒரு விபிஎஸ் கோப்புதான் (கட்டளைகள் எழுதிய ஸ்கிரிப்ட்) ஆட்டம் போட்டிருக்கிறது. 'டீடெய்ல்ஸ்' பகுதியில் 'கமாண்ட் லைன்' என்ற பத்தியைச் சேர்த்தால் கோப்பு இருக்கும் இடம் தெரிந்துவிடும். எனக்கு ஆப்டேட்டா ரோமிங்கில் (நிரல்கள் தங்கள் தரவை வைக்கும் ஃபோல்டர்) ஒன்று, விண்டோஸில் நுழைந்ததும் தானாக ஓட வேண்டியவை இருக்கும் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் அதன் நகல்.

வரிசை முக்கியம். முதலில் டபிள்யூஸ்கிரிப்டை நிறுத்த வேண்டும், அப்புறம் இரண்டு கோப்புகளையும் அழிக்க வேண்டும், பென்டிரைவ் கடைசியில்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவை மட்டும் சுத்தம் செய்வது வீண்வேலை, உடனே மறுபடி எழுதிவிடும்.

கோப்புகள் எதுவும் போகவில்லை. 'மறைவு', 'சிஸ்டம்' என்ற இரண்டு அடையாளங்களையும் அவற்றுக்கு வைரஸ் போட்டிருந்தது. அதனால்தான் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லியும் தெரியவில்லை. கமாண்ட் பிராம்ட்டில் இந்த அடையாளங்களை மாற்றும் அட்ரிப் கட்டளை கொடுத்து இரண்டையும் நீக்கியதும் எல்லாம் வந்துவிட்டன. ஷார்ட்கட்டுகளை அழித்துவிட்டேன்.

சந்தேகத்துக்கு விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனும் ஓட்டினேன். விண்டோஸ் முழுதாகத் தொடங்கும் முன்பே அது தேடும் என்பதால் ஒளிந்திருப்பவை தப்புவது கடினம். புதிதாக எதுவும் சிக்கவில்லை. ஓஎஸ்ஸையே மாற்றச் சொன்னவர்களுக்கு: தேவைப்படவில்லை.