மறு: நெட்வொர்க் எஃபெக்ட் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> 'பிணைய விளைவு' என்றே வைத்துக்கொள்ளலாமே. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது.

வணக்கம் ஐயா,

புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் பிணையம் என்றதும் கம்பியும் கோபுரமும்தான் கண்முன் வருகின்றன. (எங்கள் ஊர் வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டால் ஜாமீன் என்பார்.) இங்கே நடப்பதோ ஆட்களின் கதை: ஆள் கூடக் கூட ஒன்றின் பயன் கூடும், அதனால் மேலும் ஆள் சேரும்.

போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும். விற்பவர் ஏன் ஆட்டை அங்கே ஓட்டி வருகிறார்? வாங்குபவர் வருவதால். அவர் ஏன் வருகிறார்? விற்பவர் வருவதால். பக்கத்து ஊரில் சுங்கமே இல்லாமல் புதுச் சந்தை போட்டாலும் முதல் ஆட்டை ஓட்டிப்போக ஆள் கிடைக்காது.

2025 செப்டம்பரில் ஸோஹோ நிறுவனத்தின் 'அரட்டை' என்ற செய்திச் செயலி பேச்சாக இருந்தபோது நானும் போட்டுப் பார்த்தேன். செயலியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாங்காய் மண்டிக் குழு, பள்ளிக் குழு, பங்காளிகள் எல்லாரும் வாட்ஸ்அப்பில். பத்தே நாளில் திரும்பிவிட்டேன்.

அதனால் என் முன்மொழிவு: திரளீர்ப்பு. சேர்ந்திருக்கும் திரளே மேலும் ஆளை இழுப்பது.

> ஈர்ப்பு என்றால் இயற்பியல் வாடை அடிக்கிறதே?

அடிக்கட்டும் ஐயா, பெரியது சிறியதை இழுப்பதுதானே இங்கும். 'கூடல் விளைவு' என்றும் யோசித்தேன். ஊடல் எங்கே என்று குழுவில் யாராவது கேட்பீர்கள், விட்டுவிட்டேன்.

ஒழுங்குமுறை பற்றிப் பேசவும் இந்தச் சொல் உதவும். வாட்ஸ்அப்பின் 2021 தனியுரிமைக் கொள்கை தொடர்பாக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் அதன் உரிமையாளரான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் போட்டால் திரள் நகர்ந்துவிடுமா? செல்போனில் கதை வேறு. எந்த நிறுவனத்து எண்ணிலிருந்தும் எந்த எண்ணுக்கும் பேசலாம். 2011 ஜனவரி முதல் நாடு முழுக்க எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம். கம்பெனி மாறியதால் பங்காளிகள் தொலைவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சந்தைகள் சட்டமும் (டிஜிட்டல் மார்க்கெட்ஸ் ஆக்ட்) ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது: பிற செயலிகள் கேட்டால் வாட்ஸ்அப்பும் மெசஞ்சரும் செய்தி போய்வர வழிவிட வேண்டும். ஆனால் இன்ஸ்டாகிராம் பதிவுகளுக்கு அந்தக் கடமை கிடையாது. அங்கே திரளீர்ப்பு அப்படியேதான் இருக்கிறது.

அப்புறம், இப்படி ஒன்றோடொன்று பேசவைக்கும் இன்டர்ஆபரபிலிட்டிக்கு 'இயங்குதன்மை' என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் 'இயங்கு' இருக்கிறது, 'ஒன்றோடொன்று' காணோம். தனி இழை தொடங்கட்டுமா?