மறு: வயா – துளையா, புழையா, கடவையா?

அன்பு நண்பர்களுக்கு,

மின்னணுச் சுற்றுப்பலகையின் (PCB) வயா (via), பிட்ச் (pitch) ஆகிய சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில் வந்த இரண்டு கருத்துகளுக்கு என் பதில்.

> வயாவைத் "துளை" என்றே எழுதிவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். இருபக்கச் சுற்றுப்பலகையில் மூன்று வகைத் துளைகள் உண்டு. பலகையைத் திருகிப் பொருத்த ஒன்று, உறுப்பின் காலை நுழைக்க ஒன்று, மேற்பக்கத்தில் மின்னோட்டம் செல்லும் செப்புத் தடத்தைக் கீழ்ப்பக்கம் இறக்க ஒன்று. மூன்றாவதுதான் வயா. "துளைகளில் கம்பி செருகி சால்டர் வையுங்கள்" என்று நான் ஒருமுறை செய்முறை எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் போனவர் சில்லுக்கான துளைகளையும் அடைத்துவிட்டு வந்து நின்றார். பிழை அவருடையது அல்ல.

"புழை" எனக்கும் பிடித்த சொல். யானையின் துதிக்கை உள்ளே கூடாக இருப்பதால்தான் அதற்குப் புழைக்கை என்று பெயர். தொழிற்சாலைப் பலகைக்கு அச்சொல் அப்படியே பொருந்தும்: துளையின் சுவரில் முதலில் வேதிமுறையில் மெல்லிய செம்பைப் படியவைத்து, பிறகு மின்முலாம் பூசித் தடிப்பாக்குகிறார்கள், நடுவில் கூடு. வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? 0.6 மி.மீ. துளையில் மெல்லிய கம்பியைச் செருகி, இரண்டு பக்கமும் சால்டர் வைத்து, மிச்சத்தை நறுக்குகிறோம். அங்கே கூடு ஏது? உருவத்தைப் பார்த்து வைத்த பெயர், செய்முறை மாறியதும் பொய்யாகிவிடும்.

வேலையைப் பார்த்து வைப்போம். மின்னோட்டம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடக்கும் இடம், ஆகவே "கடவை". இலங்கைத் தமிழில் பாதசாரிக் கடவை, ரயில் கடவை என்று அன்றாடம் புழங்கும் சொல்தான். மற்றவர்களுக்கும் கடவுச்சொல், கடவுச்சீட்டு இரண்டிலும் வேர் பழக்கமானதே. கூட்டுச்சொல்லுக்கும் வளைகிறது: கம்பிக் கடவை, முலாம் கடவை, பல அடுக்குப் பலகையின் உள்ளேயே தொடங்கி உள்ளேயே முடிந்தால் புதைகடவை. லத்தீனில் வயா என்றால் வழி என்பது உண்மைதான். அதற்காக "வழி" என்றே வைத்தால் "இந்த வழி வழியாக" என்று எழுத வேண்டிவரும்.

வயா என்றே விட்டுவிடலாம் என்பவர்களுக்கு ஒன்று: பழந்தமிழில் வயா என்றால் மசக்கை. அகராதியைப் புரட்டும் மாணவர், பலகைக்கு எத்தனை மாதம் என்று கேட்காமல் இருந்தால் சரி.

> பிட்ச் = இடைவெளி

இதை ஏற்க மாட்டேன். பிட்ச் என்பது சில்லின் ஒரு காலின் நடுவிலிருந்து அடுத்த காலின் நடு வரை. 0.5 மி.மீ. பிட்ச் உள்ள சில்லுக்கு 0.3 அகலத்தில் திட்டு (கால் வந்து ஒட்டும் செப்புப் பரப்பு) வரைந்தால், திட்டுகளுக்கிடையே மிஞ்சுவது 0.2 தான். உயிரை வாங்குவதும் அந்த 0.2 தான். வேண்டாத செம்பைக் கரைக்கும் பெர்ரிக் குளோரைடிலிருந்து பலகையைச் சீக்கிரம் எடுத்தால் அங்கே செம்பு ஒட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் அசந்தால், 35 மைக்ரான் செம்பைக் கீழ்நோக்கித் தின்ற கரைசல் பக்கவாட்டிலும் தின்று தடத்தை மெலியவைக்கும். "இடைவெளி"யை அந்த 0.2-க்கே விட்டுவிட்டு, பிட்சுக்கு "நடுவிடை" என்று வைப்போம். "காலிடை" என்று முன்பு சொன்னவன் நான்தான். தட்டச்சுச் செயலி அதைக் கால்நடை என்று திருத்தியதும் கைவிட்டேன்.

---

(நண்பர் ஒருவரின் பதில்) கடவைக்குச் சம்மதம். நடுவிடையைக் கொஞ்ச நாள் வாயில் போட்டுப் பார்க்கிறேன். துளையைச் சுற்றி விடுகிற செப்பு வளையத்துக்கு என்ன பெயர்? "கடவை வளையம்" என்றால் உறுப்புத் துளையைச் சுற்றியுள்ளது விட்டுப்போகிறது.

---

(அதற்கு என் பதில்) "கரை" போதாதா? 1.2 மி.மீ. திட்டில் 0.6 துளை விட்டால் சுற்றிலும் 0.3 கரை நிற்கும். மேற்பக்கத்தின் செப்புப் படத்துக்குச் சரியாகத் துளையிட்டு, கீழ்ப்பக்கப் படம் 0.3 நகர்ந்திருந்தால் அந்தப் பக்கம் கரை உடைந்துவிடும். அந்தப் பழுதுக்குத் தனிச்சொல் தேட வேண்டாம், கரையுடைப்புதான்.